எட்டு நாள் பிந்திய காலண்டர்

டைம் ஆபீஸ் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. நாளுக்கொரு தாளாகக் கிழிக்கிற காலண்டர். நான் ராஜபாளையத்தில் அந்த நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்த காலையில் அது எட்டு நாள் பின்தங்கியிருந்தது. அக்கா மில் கேட் பக்கம் போயிருந்தார். புது இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏதாவது உபயோகமாகச் செய்வோம் என்று எழுந்துபோய், எட்டுத் தாள்களையும் ஒவ்வொன்றாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அன்றைய தேதி வந்து நின்றதும் மனதுக்கு நிறைவாக இருந்தது. வந்த முதல் நாளே ஒரு குறையைச் சரிசெய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

திரும்பி வந்த அக்கா சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏட்டி, யாரு ஒன்னையக் கிழிக்கச் சொன்னா?" என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் குனிந்து கூடையிலிருந்து தாள்களை எடுத்து, மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். தேதி வரிசையில் அடுக்கி, பெரிய கிளிப் ஒன்றைப் போட்டு மறுபடி காலண்டரிலேயே மாட்டிவிட்டார். "நாளைக்கு ஒண்ணு கிழிக்கணும். ஒண்ணே ஒண்ணுதான். நான் கிழிச்சிக்கிடுதேன்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

டைம் ஆபீஸ் என்பது மில் வாசலை ஒட்டிய ஒரு சின்ன அறை. யார் எந்த ஷிப்டுக்கு வந்தார்கள், எத்தனை மணிக்கு நுழைந்தார்கள் என்பதை எழுதி வைக்கிற இடம். வேலை கேட்டு வருகிறவர்களுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்புவதும் அங்கேதான். கூமாப்பட்டி, சுந்தரபாண்டியம் பக்கமிருந்து பெண்கள் மில் வேனில் வந்து இறங்குவார்கள். அறையின் ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே அவர்கள் நிற்க, உள்ளே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். அதே ஜன்னலோரம் வேன் டிரைவர்கள் சாய்ந்து நின்று டீ குடிப்பார்கள். வாட்ச்மேனின் ஸ்டூலும் அங்கேதான்.

படிவத்துக்கு இரண்டு பக்கங்கள். முதல் பக்கத்தில் பெயர், ஊர், படிப்பு. இரண்டாம் பக்கம் பெண்களுக்கு மட்டும். கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தைகள் எத்தனை, கடைசிக் குழந்தைக்கு என்ன வயது, ஆபரேஷன் செய்தாயிற்றா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக வந்த தேதி என்ன, வலிப்பு உண்டா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, மனநோய்க்கு மருந்து சாப்பிட்டதுண்டா. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு கட்டம். கட்டம் காலியாக இருந்தால், ஆள் எடுக்கிற பர்சனல் ஆபீசர் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அக்கா முதல் பக்கத்தை உரக்கக் கேட்டு எழுதுவார். அது முடிந்ததும் பேனாவை மூடுவார். "போ, அந்தப் பானையில தண்ணி குடிச்சிட்டு, செத்த நேரம் நெழல்ல இரு. கூப்பிடுதேன்" என்பார். அந்தப் பெண் தண்ணீர் குடித்துத் திரும்புவதற்குள் இரண்டாம் பக்கம் நிரம்பியிருக்கும். ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார். வலிப்பு, காசநோய், மனநோய் எல்லாவற்றுக்கும் 'இல்லை'. தேதிக் கட்டத்துக்கு வரும்போது மட்டும் தலையைத் திருப்பிக் காலண்டரைப் பார்ப்பார். அதில் என்ன தேதி இருக்கிறதோ அதை எழுதுவார்.

இரண்டாவது வாரத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. "கேட்காம எழுதலாமாக்கா?" என்று கேட்டேன். அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து, அங்கே எப்போதும் இருக்கும் காராச்சேவுப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். அவர் நிரப்பிய படிவங்களில் பாதிக்கு மேல் எண்ணெய்க் கறை இருக்கும். எனக்கு அதுவும் பிடிக்காது.

"கவர்மெண்டு ஆஸ்பத்திரி நர்சம்மாகூட இதைத் திரைக்கு அங்கிட்டுக் கூட்டிப்போய்த்தான் கேக்கும். இம்புட்டு ஆம்பளைக நிக்கிற ஜன்னல்ல வச்சு நான் கேக்கணுமாக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ சமையல் பக்குவம் சொல்வதைப் போலச் சொன்னார்: "எட்டு நாளுன்னா கணக்குச் சரியா இருக்கும். தலைக்கு ஊத்தி முடிச்சிருப்பா. வந்த மொத வாரமே லீவு கேக்க மாட்டா. வயித்துலயும் ஒண்ணும் இல்லன்னு ஆயிரும். பெரியவுகளுக்கு அதுதான வேணும்? தெனமும் எட்டைக் கழிச்சுக்கிட்டு இருக்க எனக்கு மூளை கெடையாது. காலண்டரு கழிச்சிக்கிடும்."

நான் சிரிக்கவில்லை. பி.காம். முடித்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூட வீட்டுப்பாடம் எழுதாமல் போனதில்லை. கேட்காமல் எழுதிய பதில் எனக்குப் பொய்யாக மட்டுமே தெரிந்தது. கேள்வி தப்பாக இருக்கலாம் என்ற எண்ணம் ஒரு தடவைகூட வரவில்லை. அச்சடித்து வந்த கேள்வி எப்படித் தப்பாகும்?

நாலைந்து மாதம் கழித்து, பழைய படிவங்களை எல்லாம் கணினியில் ஏற்றச் சொன்னார் பர்சனல் ஆபீசர். அலமாரியிலிருந்து கட்டுக்கட்டாக எடுத்து ஏற்றிக்கொண்டே வந்தேன். ஒரே நாளில் சேர்ந்த பன்னிரண்டு பெண்களுக்கும் ஒரே நாளில் மாதவிலக்கு. அடுத்த கட்டில் ஒன்பது பேருக்கு. அதற்கடுத்ததில் பதினேழு பேருக்கு. அந்தக் கட்டுகளின் நடுவே என் படிவமும் இருந்தது. சேர்ந்த அன்று அக்கா சொல்லி நான் தண்ணீர் குடிக்கப் போனதும், திரும்பி வந்து அக்கா இல்லாத நேரத்தில் காலண்டரைக் கிழித்ததும் ஞாபகம் வந்தது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். எனக்கும் அதே எட்டு நாள். அது என் தேதி இல்லை. என்னைக் கேட்காமல் என் உடம்பைப் பற்றி யாரோ எழுதியிருக்கிறார்களே என்று கோபம் வந்தது. அந்தக் கோபம் கேள்வியை அச்சடித்தவர்கள் மீது வந்திருக்க வேண்டியது. அக்கா மீது வந்தது.

அன்று மத்தியானம் ஆபீசர் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். "என்னம்மா இது, எல்லாருக்கும் ஒரே தேதியா இருக்கு? நீ தப்பா ஏத்திட்டியா?" என்றார்.

இந்த இடத்தை நான் எத்தனையோ தடவை மனதில் திருத்தி எழுதிப் பார்த்திருக்கிறேன். 'ஆமா சார், காப்பி ஆகிவிட்டது, சரிபண்ணிவிடுகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். அவர் போயிருப்பார். அக்கா என்ன செய்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது என்று இங்கே எழுதிவிடவும் ஆசையாக இருக்கிறது. தெரியும். காராச்சேவைத் தின்றுகொண்டே கேட்டிருக்கிறேன். ஆனால் தப்பு என்னுடையதோ என்று ஒருவர் கேட்டுவிட்டால் என்னால் தாங்க முடியாது. அப்படியே வளர்ந்துவிட்டேன்.

"நான் சரியாத்தான் ஏத்தினேன் சார். அக்கா காலண்டரைப் பார்த்து எழுதுவாங்க" என்றேன்.

மறுநாள் அக்காவைக் கேன்டீனில் டோக்கன் கொடுக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் மேசையைக் காலிசெய்ய வந்தபோது நான் கணினியைவிட்டுத் தலை நிமிரவில்லை. மூக்குக்கண்ணாடிக் கூடு, பொட்டலம், வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன மெத்தை. அவ்வளவுதான் அவருடைய சாமான். காலண்டரை எடுத்துப்போவார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. எட்டுத் தாள்களையும் தானே ஒரே பிடியாகக் கிழித்து, மடித்து, என் மேசையில் வைத்தார். "இந்தா. இன்னைக்குத் தேதி" என்றார்.

அக்காவின் இடத்துக்கு, ஜன்னலுக்கு நான் வந்தேன். கேள்விகளை இருக்கிறபடியே கேட்டேன். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன். ஆனால் மில் ஓடுகிற இரைச்சலில் தாழ்த்திய குரல் யாருக்குக் கேட்கும்? "என்னது மேடம்?" என்பார்கள். நான் இன்னும் சத்தமாகக் கேட்க வேண்டிவரும். டிரைவர்கள் டீ கிளாஸைப் பார்த்துச் சிரிப்பார்கள். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். நான் எழுதிக்கொள்வேன். ஒரு கறைகூட இல்லாத படிவங்கள்.

அப்படி ஒரு நாள் கூமாப்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். நகத்தில் மருதாணி பாதி அழிந்திருந்தது. துணிக்கடைப் பையில் சாப்பாட்டுத் தூக்கு, சீப்பு, ஒரு மாற்றுச் சேலை. அன்றைக்கே வேலையில் இறங்கிவிடலாம் என்று வந்திருந்தாள். தேதியைக் கேட்டேன். விரல்களை மடக்கி மடக்கி எண்ணினாள். நடுவில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"நாப்பது நாளு இருக்கும் மேடம். எனக்கு எப்பவுமே தள்ளித்தான் வரும். புள்ளை எதுவும் இல்ல. அது இல்லைன்னுதான் வீட்ல பேச்சு கேக்க முடியாம இங்கிட்டு வந்தேன்" என்றாள்.

பின்னால் சொன்னதை எழுதக் கட்டம் இல்லை. முன்னால் சொன்னதை எழுதினேன். மாலைக்குள் என்றில்லை, அரை மணி நேரத்தில் படிவம் திரும்பி வந்தது. தேதியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் வட்டம். ரெண்டு மாசம் கழித்து வரச் சொல் என்று ஆபீசர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் அதை அவளிடம் சொன்னேன். "நான் உண்மையத்தானக்கா சொன்னேன்" என்றாள். அதுவரை மேடம் என்றவள், அப்போதுதான் அக்கா என்றாள்.

ஷிப்டு முடிகிற வரைக்கும் திரும்பிப்போக வேன் கிடையாது. வாசல் வேப்பமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரியும். பதினோரு மணி வாக்கில் டைம் ஆபீஸ் அக்கா கேன்டீனிலிருந்து ஒரு டம்ளர் டீயும் காகிதத்தில் இரண்டு வடையும் கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். அவள் சாப்பிட்டு முடித்ததும் காகிதத்தை வாங்கிக் கசக்கிக்கொண்டு எழுந்தார். திரும்பும் வழியில் என் ஜன்னலருகே நின்று, மேசையில் கிடந்த அந்தப் படிவத்தைக் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்.

"எழுத்து அழகா இருக்கு ஏட்டி ஒனக்கு" என்றார்.

அந்தப் பெண் இரண்டு மாதம் கழித்து வரவில்லை. ஒருவேளை அவள் சொன்ன நாற்பது நாளில் உண்மையாகவே நல்ல சேதி இருந்திருக்கலாம், வீட்டில் பேச்சு நின்றிருக்கலாம் என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்வதுண்டு. அப்படிச் சொல்லிக்கொள்வது அவளுக்காகவா எனக்காகவா என்று பிறகு சந்தேகம் வரும்.

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, மடவார் வளாகத்துக்கு வந்தேன். வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவார். சிக்னல் இருக்கிற இடத்தில் இருந்தால். மகள் பிறந்து ஆறாவது மாதம் எனக்கு என்னவோ ஆனது. அதற்கு இன்னும் எனக்கு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. பிள்ளை அழும்; கேட்கும்; ஆனால் அடுத்த தெருவில் அழுவதைப் போலக் கேட்கும். நின்ற இடத்தில் நின்றுகொண்டிருப்பேன். எங்கள் வீட்டுக் கூடத்திலும் ஒரு தினசரி காலண்டர் உண்டு. காலையில் அதைக் கிழிப்பது என் வேலை. ஒரு நாள் அத்தை, என் மாமியார், அதன் முன்னால் நின்று, "ஏம்மா, இருவது நாளாவா கிழிக்கல?" என்றார். திட்டவில்லை. பயந்துபோய்க் கேட்டார். அன்றிலிருந்து அத்தை காலையில் எழுந்ததும் முதலில் காலண்டரைப் பார்க்கிறார். பிறகுதான் என்னைப் பார்க்கிறார்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "டாக்டரப் போய்ப் பாரு. அம்மாட்ட இப்பச் சொல்ல வேண்டாம்" என்றார். பிள்ளைக்குத் தடுப்பூசி என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். நான் போன கட்டடத்தில் மாடியில் குழந்தைகள் டாக்டர். கீழே நான் பார்க்க வேண்டியவர். கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து மருந்துக் கடையிலிருந்து டைம் ஆபீஸ் அக்கா வந்தார். ஒளிய இடமில்லை. என் தலைக்கு மேலே டாக்டர் பெயரும் அவர் எதற்கான டாக்டர் என்பதும் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மடியில் கோப்பு. அக்கா பலகையைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். என்னிடம் எதையும் கேட்கப் பாத்தியதை உள்ளவர் அவர். கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

"பிள்ளைக்குத் தடுப்பூசியாக்கும்?" என்றார்.

தலையாட்டினேன்.

"மாடியில கூட்டமா இருக்கும். அதான் இங்கன உக்காந்திருக்க. நல்லதுதான், காத்து வருது" என்றார். பிள்ளையின் காலைப் பிடித்து லேசாக ஆட்டினார். "ஒங்கம்மா கெட்டிக்காரி. ஒண்ணும் ஆகாது, போட்டுக்கிட்டு வருவா" என்று அவளிடம் சொன்னார். பையில் கைவிட்டு ஒரு பிஸ்கட் பாக்கெட்டை என் மடியில், கோப்பின் மேல் வைத்துவிட்டு, "வாரேன் பிள்ள" என்று நடந்துவிட்டார். என் இரண்டாம் பக்கத்தை இந்தத் தடவையும் கேட்காமலே நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார் என்பது, பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. இறங்கிப் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கலாம். அடுத்த முறை சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை அவரைப் பார்க்கவில்லை. சொந்தத்தில் யாரோ கூப்பிட்டு, திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஏறக்குறைய ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன். தடுப்பூசி அட்டை வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் அட்டைக்குப் பின்னால் வைத்திருந்தேன். டாக்டர் நிறுத்தும்போது, "வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்காதீங்கம்மா. நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போங்க" என்றார். மகளை இப்போது காலையில் பாலர் பள்ளியில் விடுகிறேன். அவளை விட்டுவிட்டு வருகிறபோது வீடு மறுபடி அடுத்த தெருவுக்குப் போவதைப் போல இருக்கிறது. பயமாக இருக்கிறது. அதனால்தான் ஊருக்குள் ஒரு பள்ளியில் அலுவலக வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் போனேன். இந்த வேலை கிடைத்தால் எனக்கு மருந்து மாதிரி. அத்தையும் "போய்ட்டு வா, நல்லதுதான்" என்றார்.

படிவத்தைக் கொடுத்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். "ரெண்டு பக்கமும் முழுசா நிரப்பணும் மேடம். எதையும் காலியா விட்றாதீங்க. திங்கட்கிழமை கொண்டு வந்தாப் போதும்" என்றாள். வாசலிலேயே திருப்பிப் பார்த்தேன். குழந்தைகள் எத்தனை. அடுத்த குழந்தை எப்போது. கடைசி மாதவிலக்குத் தேதி. மனநலத்துக்காகச் சிகிச்சை பெற்றதுண்டா. ஆம் என்றால் விவரம். ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டணச் சீட்டு எழுத இவ்வளவு தெரிய வேண்டியிருக்கிறது. கீழே, தகவல் பொய் என்று தெரியவந்தால் பணிநீக்கம் செய்ய ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு வரி. அதன் கீழே கையெழுத்து.

மூன்று நாளாக அது கூடத்து மேசையில் கிடக்கிறது. முதல் பக்கம் நிரப்பிவிட்டேன். ஆம் என்று எழுதினால் சிவப்பு வட்டம் எந்த இடத்தில் விழும் என்று எனக்குத் தெரியும். அந்த வட்டம் விழுகிற படிவங்களை எழுதிய கை இது. இல்லை என்று எழுதினால் பொய். 'நான் உண்மையத்தானக்கா சொன்னேன்' என்ற குரல் அப்போது கேட்கிறது. ஜன்னலுக்கு வெளியே நிற்கும்போதுதான் தெரிகிறது, கேள்வி எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று. 'போ, தண்ணி குடிச்சிட்டு வா' என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று இருக்கிறது. எழுந்துபோய்ச் சமையலறையில் தண்ணீர்கூடக் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது கட்டங்கள் அப்படியே காலியாகத்தான் இருந்தன.

இன்று மத்தியானம், அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் உட்கார்ந்தேன். கூடத்துக் காலண்டர் இன்றைய தேதியைத்தான் காட்டியது. அதைப் பிந்தவிட எனக்கு வழியில்லை. ஒரு நாள் கிழிக்காவிட்டாலும் அத்தை என் முகத்தைப் பார்ப்பார். அதனால் விரல்களை மடக்கித்தான் எண்ணினேன். நடுவில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். எட்டு நாள் முந்திய தேதியை எழுதினேன். கடைசிக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். எழுத்து அழகாகத்தான் வந்தது.

இனி அதை அந்தப் பெண் கணினியில் ஏற்றுவாள். யாராவது அவள் பின்னால் வந்து நின்று ஏதாவது கேட்பார்கள். அவள் என்னைப் போல இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படிவத்தை மடித்தேன். காலையில் கிழித்த நேற்றைய தாள் மேசை ஓரத்தில் கிடந்தது. அதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. உள்ளங்கையால் நீவி, படிவத்தோடு சேர்த்து ஒரு கிளிப் போட்டு வைத்தேன். திங்கட்கிழமை காலையில் படிவத்தைக் கொடுக்கும் முன் அந்தத் தாளை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.